வெல்டாவின் பின்குழாய்

பீகன் க்ரீக் ஊர்ப் பெண்பிள்ளைகள் சாஃப்ட்பால் மட்டையை எடுத்து ஒரு வீச்சு வீசினால் போதும், இது வெல்டா டாக்கெட்டிடம் கற்றுக்கொண்ட பிள்ளை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். மட்டை தோளிலிருந்து கோடாலி மாதிரி இறங்கும். பந்து தரையோடு தரையாகச் செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடும். அம்மா அப்படித்தான் அடித்தாள், அத்தை அப்படித்தான் அடித்தாள், இப்போது மகளும் அப்படியே அடிக்கிறாள். தீவனக் கடையிலும் சர்ச் வாசலிலும் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஊருக்கு அலுத்ததே இல்லை. பெருமைப்பட வேறு என்னதான் இருந்தது? ஒரு தானியக் கிடங்கு, ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசாத இரண்டு சர்ச்சுகள், ஓயாத காற்று. ஓக்லஹோமாவில் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாமே அப்படித்தான்.

வெல்டா பள்ளி பஸ் ஓட்டுகிறவள். காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்து பள்ளியில் கொட்டுவாள். சாயங்காலம் மறுபடி அள்ளிக்கொண்டு போய் வீடு வீடாக இறக்குவாள். அது முடிந்தபிறகும் சனிக்கிழமைகளிலும் பஸ் கொட்டகையில் பிள்ளைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுப்பாள். இதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் கேட்டுக்கொண்டதும் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. பிடித்த பிடியை விடாத பெண்பிள்ளை. மழையோ, சூறாவளிச் சங்கோ, கணவன் ஹாய்ட் செத்த வாரமோ, கொட்டகைக் கதவு திறக்காத சனிக்கிழமை ஊருக்கு ஞாபகமில்லை.

ஹாய்ட் லாரி மெக்கானிக். பழைய ரேடியேட்டர் ரப்பர் குழாய்கள் இரண்டை இரும்புத் தட்டுகளில் நிமிர்த்திச் செருகி அவளுக்குச் செய்து கொடுத்திருந்தான். முன்குழாயின் தலையில் பந்தை வைப்பாள். அதற்கு ஒரு முழம் பின்னால், நாலு விரற்கடை கூடுதல் உயரத்தில், பின்குழாய் வெறுமனே நிற்கும். மட்டை பின்குழாயின் தலைக்கு மேலே வந்து, அங்கிருந்து இறங்கிப் பந்தை வெட்ட வேண்டும். தவறிப் பின்குழாயில் பட்டால் தொப்பென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஒரே தண்டனைதான்.

"டேங்குக்குப் போ!"

ஊர்த் தண்ணீர் டேங்க் கொட்டகையிலிருந்து கால் மைல் தூரத்தில் நாலு இரும்புக் கால்களில் நின்றது. போய் அதன் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். போகிறவளோடு யாரும் கூடப் போகக்கூடாது, கூப்பிடக்கூடாது. அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் மட்டையைத் தோளில் சாத்தி, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தண்டனை ஒருத்திக்கு, காத்திருப்பது எல்லோருக்கும். பிள்ளைகள் டேங்க் காலில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். ஊராட்சிக்காரர்கள் எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் பெயர்கள் மறுபடி முளைத்துவிடும்.

வெல்டாவின் பாடத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் பக்கத்து மைதானங்கள் எல்லாம் கல்லும் கட்டியுமான செம்மண். தரையில் வேகமாக உருளும் பந்து எதிலாவது மோதி எகிறும், எதிர் அணிப் பிள்ளையின் முழங்கையில் பட்டு வேறெங்கோ ஓடும். அதற்குள் அடித்தவள் ஓடிப்போய் முதல் தளத்தைத் தொட்டுவிடலாம். மேலே தூக்கி அடித்தால் யாராவது கையில் பிடித்து முடித்துவிடுவார்கள். பத்து வயசுப் பிள்ளைகள் ஆட்டத்தில், அந்த மண்ணில், இது நூற்றுக்கு நூறு சரி. கோப்பை கோப்பையாக ஜெயித்தார்கள். ஜெயிக்கிறவளிடம் யார் போய்க் கேள்வி கேட்பது?

அவளுக்கு ஒரே மகள், கோரின். ஒன்பது வயசில் அந்தக் குழந்தை வேலிக்கு அப்பால் பந்தை அனுப்பும். சொல்லிக்கொடுத்து வந்ததல்ல, கையிலேயே இருந்தது. வேலிக்கு அப்பால் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குட்டை ஒன்று உண்டு. பந்து போய் அதில் விழும், ஆட்டம் பார்க்க வந்த ஆண்கள் மென்றுகொண்டிருந்த சூரியகாந்தி விதையைத் துப்பிவிட்டு எழுந்து நின்று கத்துவார்கள். வெல்டா மட்டும் சிரிக்க மாட்டாள். சொந்த மகளை விட்டுக்கொடுத்தால் மற்றப் பிள்ளைகளை எந்த முகத்தோடு அதட்டுவது என்பது அவள் நியாயம். மற்றவர்களுக்கு நாளொன்றுக்கு ஐம்பது வீச்சு என்றால் கோரினுக்கு இருநூறு. அந்த ஒரு கோடை முழுக்க டேங்குக்கும் கொட்டகைக்கும் நடுவில் கோரின் நடந்த நடையில் புல்லில் தடமே விழுந்துவிட்டது. பிள்ளை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. சொன்னதைச் செய்தாள். பன்னிரண்டு வயசில் பின்குழாயில் மட்டை படுவது அறவே நின்றுபோயிற்று. குட்டையில் பந்து விழுவதும் நின்றுபோயிற்று. வெல்டா முதலாவதை மட்டும்தான் கவனித்தாள்.

கோரினுக்குப் பதினேழு வயசானபோது மாநிலப் போட்டிக்கு ஓக்லஹோமா சிட்டிக்குப் போனார்கள். ஒரு கல்லூரியிலிருந்து கோரினைப் பார்க்கவென்றே ஒரு அம்மாள் நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலையசைத்தால் நாலு வருஷக் கல்லூரிப் படிப்பு இலவசமாகக் கையில் வந்த மாதிரி. ஆனால் அந்த மைதானத்துத் தரை மெழுகிவிட்டது மாதிரி இருந்தது. கல் இல்லை, கட்டி இல்லை, பந்து எகிறவும் இல்லை. கோரின் நாலு தடவை அழகாக வெட்டினாள். நாலு தடவையும் எதிர் அணிப் பெண் சாவகாசமாகக் குனிந்து எடுத்து எறிந்து, அவள் தளத்தைத் தொடுமுன் வெளியேற்றினாள். அந்த அம்மாள் ஆட்டம் முடியுமுன்னே நோட்டை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வீடு திரும்பக் காரில் இரண்டு மணி நேரம். பாதி வழியில் வெல்டா வாயைத் திறந்தாள்.

"கையில எல்லாம் இருக்கு ஒனக்கு. உள்ளதான் நெருப்பு இல்ல. அது நான் சொல்லிக்கொடுத்து வர்ற சமாச்சாரம் இல்லடி."

கோரின் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மட்டையைக் கொட்டகையில் சாத்தி வைத்தவள் பிறகு அதைத் தொடவில்லை. டல்சாவுக்குப் போய் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். டேரல் என்பவனோடு கல்யாணம் ஆயிற்று, அது முறிந்தும் போயிற்று. நவம்பரில் நன்றி நாளுக்கும் அப்புறம் ஈஸ்டருக்கும் வருவாள். வெண்டைக்காய் வறுவல் சாப்பிடுவாள், பாத்திரம் கழுவிக் கொடுப்பாள், போய்விடுவாள். பஸ் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எல்லாம் இருந்தும் நெருப்பில்லாத பிள்ளை என்று வெல்டா தெரிந்தவர்களிடம் வருத்தப்பட்டுச் சொல்வாள். அதை நம்பவும் நம்பினாள்.

இப்படிப் பதினேழு வருஷம் போனபின், ஓர் ஆகஸ்ட் மாதம், பள்ளிக்கு லீட்டா பெர்ரிமன் என்று புதுப் பயிற்சியாளர் வந்தாள். இருபத்தெட்டு வயசு, கல்லூரியில் ஆடியவள், மரியாதை தெரிந்தவள். வந்த மறுநாளே கொட்டகைக்கு வந்து ஓரமாக நின்று பார்த்தாள். அன்றைக்கு மட்டை பிடித்தவள் டெஸ்ஸா. பதிமூன்று வயசு, ஒல்லிக்குச்சி. தொப், தொப் என்று பின்குழாயிலேயே அடித்துக்கொண்டிருந்தாள். எட்டாவது தடவை டேங்குக்குப் போய்விட்டு வந்திருந்தாள்.

"டேங்குலயே பாயப் போட்டுப் படுத்துக்கயேன் டெஸ்ஸா, நடை மிச்சம்" என்றாள் ஒருத்தி. பிள்ளைகள் சிரித்தன. டெஸ்ஸா சிரிக்கவில்லை. ஒன்பதாவது தொப் கேட்டது. மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தாள்.

லீட்டா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். "மிஸ் வெல்டா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். கேளு."

"அந்தப் பின்னாடி குழாய எடுத்துட்டு அவள ஒரு பத்துப் பந்து அடிக்க விடலாமா?"

"எதுக்கு? எல்லாத்தையும் வானத்துக்கு அனுப்பறதுக்கா?"

லீட்டா கைபேசியை எடுத்து நீட்டினாள். நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரிகள் நாலைந்து பேர் மட்டை வீசுவதை மெதுவாக ஓட விட்டாள். "பாருங்க. எறிஞ்ச பந்து கொஞ்சம் எறங்கித்தான் வருது. இவங்க மட்டை கொஞ்சம் ஏறிப் போகுது. ரெண்டும் ஒரே வழியில எதிரெதிரா வருது, அதனால நேரம் கொஞ்சம் முன்னப் பின்ன ஆனாலும் பட்டுடும். நம்ம புள்ளைங்க மேலருந்து வெட்டறாங்க. ஒரே ஒரு எடத்துலதான் படும். பட்டாலும் தரைக்குத்தான் போகும்."

"இவளுக எல்லாம் ராட்சசிக. எந்த ஊரு சோத்தத் தின்னு வளந்தாளுகளோ!" என்றாள் வெல்டா. "என் மகள நீ பாத்ததில்ல. மட்டைய எப்பிடி எறக்குவா தெரியுமா? வீடியோ டேப் இருக்கு. கொண்டாந்து காட்டறேன். அப்புறம் பேசு."

"கொண்டாங்க மிஸ் வெல்டா. நானும் கத்துக்கறேன்." அவள் கேலி செய்யவில்லை. அதுதான் வெல்டாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஹாய்டின் சாமான்களைக் கிளறி டேப்பை எடுத்தாள். கோரினின் ஒன்பது வயசுப் பந்தயம் முதலில் வந்தது. ஹாய்டின் கை ஆட்டத்தில் படம் ஆடியது. பெரிய தொப்பிக்குள் சின்ன முகம். பந்து வந்தது, மட்டை கீழே போய் ஏறியது, பந்து காணாமல் போயிற்று. ஆட்கள் கத்தினார்கள். தூரத்தில் குட்டையில் தண்ணீர் தெறித்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில், படக்கருவிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

"அது அடியே இல்ல! நாளைக்கு டேங்குக்குப் போற நீ!"

குழந்தை ஓட ஆரம்பித்திருந்தது. குரல் கேட்டதும் ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அப்படியே நின்றது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தை ஓடி முடித்தது.

வெல்டா டேப்பைப் பின்னால் ஓட்டினாள். மறுபடி போட்டாள். எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. ராட்சசிகள் என்றாளே, அந்தப் பெரிய ஆட்டக்காரிகளின் மட்டை எந்த வழியில் போயிற்றோ அதே வழியில், ஒன்பது வயசில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவள் வீட்டுப் பிள்ளையின் மட்டை போயிருக்கிறது. நெருப்பு இல்லை என்று ஊரெல்லாம் சொன்னாளே, அதை நாளொன்றுக்கு இருநூறு வீச்சாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தவள் அவள்தான். எழுந்து போய்ச் சமையலறையில் நின்றாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை கொட்டகையில் பின்குழாய் இல்லை. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டன. டெஸ்ஸா பத்துப் பந்து அடித்தாள். ஏழு, எதிரே கட்டியிருந்த வலையின் மேல்பாதியில் போய் அறைந்தது.

"மிஸ் வெல்டா, இன்னைக்கு டேங்க் இல்லையா?"

"இல்ல கண்ணு. அடி."

லீட்டா தூரத்தில் நின்று பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கெட்டிக்காரப் பெண். டெஸ்ஸாவுக்கு நேரத்தோடு தப்பிக்கக் கிடைத்தது. கோரினுக்குக் கிடைக்கவில்லை, அதுதான் வெல்டாவை அரித்தது. முப்பது வருஷத்தில் எத்தனை கோரின்கள் என்று எண்ணப் பார்த்தாள், எண்ண முடியவில்லை. மற்றவர்களுக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம், முதலில் தன் பிள்ளையிடம் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் மென்று விழுங்கினாள். புதன்கிழமை போன் செய்தாள்.

"யாரு செத்தது?" என்றாள் கோரின். நடு வாரத்தில் அம்மாவிடமிருந்து போன் வந்தால் வேறு என்ன கேட்பது?

"யாரும் சாகல. ஞாயித்துக்கெழம வர்றியா?"

"நன்றி நாளுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கே."

"வாடி. வந்தா சொல்றேன்."

கோரின் வந்தாள். சர்ச் விட்டுக் கார்கள் போய் அடங்கிய மத்தியானம். வெல்டா வீட்டில் இல்லை என்று கண்டு கொட்டகைக்குக் காரைத் திருப்பியிருக்கிறாள். வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நாலு வயசு. கண்ணுக்குக் கீழே அப்பாவின் சுருக்கம் அப்படியே வந்திருந்தது.

வெல்டா சுற்றி வளைக்கவில்லை. பேசிப் பழக்கமில்லாதவள் சொல்ல வந்ததை ஒரேயடியாகக் கொட்டினாள். டேப்பைச் சொன்னாள், லீட்டாவின் கைபேசியைச் சொன்னாள், பின்குழாயை எடுத்துவிட்டதைச் சொன்னாள். "நீ அடிச்சதுதான் சரி. நான்தான் தப்பு. அன்னைக்கு கார்ல சொன்னேனே, நெருப்பு இல்லன்னு. இருந்துச்சுடி. நான்தான் அவிச்சுட்டேன்."

கொட்டகைத் தகரத்தைக் காற்று தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வார்த்தைய நான் நம்பிட்டேம்மா" என்றாள் கோரின். குரல் உயரவில்லை. "டல்சாவுல நர்ஸ் படிப்புக்கு எடம் வந்துச்சு, ஒனக்குத் தெரியாது. பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணி வந்த எடம். நமக்கு உள்ள அது இல்ல, பாதியில விட்டுடுவோம்னு போகவே இல்ல. டேரல் வீட்ட விட்டுப் போனப்போகூட நில்லுன்னு சண்ட போடல. சண்ட போடறதுக்கெல்லாம் நெருப்பு வேணுமே, நம்மகிட்டதான் இல்லையேன்னு நெனச்சேன். பதினேழு வருஷம். சாஃப்ட்பால் போனா மயிரு போச்சு."

வெல்டா நின்ற இடத்திலேயே நின்றாள். கை அடிக்க வருகிறதா அணைக்க வருகிறதா என்று தெரியாத பிள்ளை மாதிரி நின்றாள். இதைச் சரிக்கட்ட அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். சுவரோரம் போய்க் கோரினின் பழைய மட்டையை எடுத்து வந்தாள். பிடியில் புதுசாக நாடா சுற்றியிருந்தாள். முன்குழாயில் ஒரு பந்தை வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு அடி. அந்தக் காலத்துல அடிச்ச மாதிரி. பின்குழாய் இல்ல பாரு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"என்னத்துக்கும்மா?"

"எனக்காக."

கோரின் வாங்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அகட்டி நின்றாள். உடம்பு உடனே அந்த நிலைக்கு வந்துவிட்டது. மட்டை தோளிலிருந்து எழும்பியது, பின்குழாய் இருந்த இடத்துக்கு நாலு விரற்கடை மேலே வந்தது, அங்கிருந்து கோடாலி மாதிரி இறங்கிப் பந்தை வெட்டியது. பந்து தரையில் உருண்டு வலையின் அடியில் போய் நின்றது. அப்பழுக்கில்லாத வெட்டு.

வெல்டா இன்னொரு பந்தை வைத்தாள். அதுவும் தரைக்குத்தான் போயிற்று. மூன்றாவதுக்குக் கோரின் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். இல்லாத குழாயைச் சுற்றிக்கொண்டு மட்டை மேலே வந்துதான் இறங்கியது.

"குழாய் அங்க இல்லடி" என்றாள் வெல்டா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"எனக்குத் தெரியுதும்மா. கைக்குத் தெரியல."

பத்துப் பந்து வைத்தாள். இருபது வைத்தாள். முழங்கையைப் பிடித்துப் பார்த்தாள், இடுப்பைத் திருப்பி நிறுத்தினாள், பிள்ளைகளுக்குச் சொல்ல லீட்டாவிடம் கற்றுக்கொண்டதையெல்லாம் சொன்னாள். கோரின் சொன்னபடியெல்லாம் நின்றாள். பந்துகள் ஒவ்வொன்றாக வலையின் அடியில் சேர்ந்தன. அந்த ஒன்பது வயசு வீச்சு டேப்பில் மட்டும்தான் இருக்கிறது, இந்த உடம்பில் இல்லை என்று வெல்டாவுக்குக் கடைசியில் விளங்கியது. அவள் எதையும் அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தவள் அல்ல.

பந்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே நடந்தாள்.

"எங்கம்மா போற?"

"டேங்குக்கு."

கோரின் வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டாள். போகிறவளைக் கூப்பிடக்கூடாது.

வெல்டாவுக்கு இடது முழங்கால் சரியில்லை. பஸ் கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்தது. கால் மைல் அவளுக்குக் கால் மைலாக இல்லை. காற்று எதிரே வந்து மண்ணை முகத்தில் அடித்தது. டேங்கின் காலைத் தொட்டபோது பெயின்டுக்கு அடியில் கீறல்கள் விரலில் தட்டுப்பட்டன. கோரின் பெயர் எங்கோ இருக்க வேண்டும். தேடினாள். எத்தனையோ அடுக்குப் பெயின்ட், கண்ணில் படவில்லை. குனிந்து அங்கேயே கொஞ்ச நேரம் அழுதாள்.

திரும்பிப் பார்த்தாள். கோபித்துக்கொண்டு காரை எடுத்துப் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். அந்த ஒரு தடவையாவது போயிருக்கலாம். கார் வாசலிலேயே நின்றது. கொட்டகை நிழலில் கோரின் வெறுங்காலோடு, மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு, விட்டுப்போன இடத்தை விட்டு அசையாமல், அம்மா திரும்பி வருவதற்காக நின்றுகொண்டிருந்தாள்.